வலது தோளுக்கு அடங்கல்

நார்த்தங்குளம் நெல் கொள்முதல் நிலையத்தில் தை பிறந்ததிலிருந்து சாக்குத் தட்டுப்பாடு. ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வராது. நெல்லுக்குத் தட்டுப்பாடு இல்லை. களம் கொள்ளாமல் குடவாசல் சாலையோரம் வரை குவிந்து கிடந்தது. தராசு இருந்தது. தானியக் காப்பு வாரியத்தின் பெயர்ப்பலகை புதிதாக வர்ணம் பூசிக்கொண்டு நின்றது. அதனால் திங்கட்கிழமை காலை வாரியத்தின் லாரி வந்து நின்றபோது, ஒன்பது நாளாக நெல்லுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த விவசாயிகள் எழுந்து கைதட்டினார்கள்.

லாரியில் வந்தவை முப்பத்திரண்டு அட்டைப்பெட்டிகள். பெட்டிக்குள் நீலம், சிவப்பு, கறுப்பு, தோல்நிறம் என நான்கு நிறத்தில் சுருள் சுருளாகத் துணி நாடா. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், ஒரு பக்கம் பசை. கைதட்டியவர்கள் மறுபடி படுத்துக்கொண்டார்கள்.

எனக்கு இந்த வாரியத்தின் மேல் கோபம் எதுவும் கிடையாது. கோபப்படுவதற்கும் அவர்களிடம் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கும், அதை மூன்று நகல் எடுக்கச் சொல்வார்கள் என்ற பயம்தான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பெட்டிகளோடு ஒரு சுற்றறிக்கையும் வந்திருந்தது. வாரியத்தின் ஊழியர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து பருத்துவிட்டதாகத் தலைமை அலுவலகத்தில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே இனி எல்லா நிலையங்களிலும் காலையில் இருபது நிமிடம் உடற்பயிற்சி. உடற்பயிற்சி செய்தால் மறுநாள் தசை வலிக்கும். வலித்தால் ஊழியர் அடுத்த நாள் வரமாட்டார். ஆகவே வலிக்கிற இடத்தில் இந்த நாடாவை ஒட்டித் தசையை மீட்க வேண்டும். இதற்குத் தசை மீட்பு இயக்கம் என்று பெயர்.

நிலையத்தின் பட்டியல் எழுத்தர் குணசேகரன். எடை, ரசீது, டோக்கன், சாவி எல்லாம் அவர்தான். செவ்வாய்க்கிழமை காலை களத்து மேட்டில் நின்று பதினோரு தோப்புக்கரணம் போட்டார். சாயங்காலம் பார்த்தால் இரண்டு முழங்கால், இரண்டு தொடை, இடுப்பு, கழுத்து என்று ஆறு இடத்தில் நாடா ஒட்டியிருந்தார். கழுத்தில் சிவப்பு. அந்தக் கழுத்து எந்தப் பயிற்சியும் செய்யவில்லையே என்று கேட்டால், தோப்புக்கரணத்தை எண்ணியது கழுத்துதான் என்றார்.

அங்கே லோடுமேனாக இருப்பவர் கோவிந்தராசு. வயது நாற்பத்தேழு, இருபத்திரண்டு வருடமாக மூட்டை தூக்குகிறார். நாற்பது கிலோ மூட்டை, ஒரு நாளைக்கு நூற்றைம்பதுக்குக் குறையாது. களத்திலிருந்து தராசுக்கு, தராசிலிருந்து மூட்டை அடுக்கும் அட்டிக்கு, அட்டியிலிருந்து பலகை ஏறி லாரிக்கு. அந்த வாரம் அவருடைய வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைக் காதுக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. சட்டையை மனைவி பூவம்மாள்தான் மாட்டிவிட்டாள்.

வலி பெரிய விஷயம் இல்லை. செட்டுதான் பெரிய விஷயம். அந்த நிலையத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரே செட்டு, மேஸ்திரி துரைராசு. செட்டுக்குள் நுழைவது சட்டசபைக்குள் நுழைவதைவிடக் கஷ்டம். ஒரு ஆள் தொடர்ந்து மூன்று நாள் மூட்டையில் கைவைக்கவில்லை என்றால் அவன் இடம் போய்விடும். வெளியே காத்திருப்பவர்களில் முதல் ஆள் உள்ளே வருவான். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் வாரியத்தின் சுற்றறிக்கையை மீறியவர்கள் உண்டு, இதை மீறியவர்கள் கிடையாது. இடம் போனால் கோவிந்தராசுவுக்கு வேறு வழி தெரியாது. இருக்கிற ஒரு மகளும் திருவாரூரில் நர்சிங் இரண்டாம் வருடம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் குணசேகரனிடம் போய் நின்றார்.

"சார், அந்த டேப்புல ஒரு துண்டு குடுங்களேன். தோள்பட்டை புடிச்சுக்கிச்சு."

குணசேகரன் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு, கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பினார். "என்ன எக்சர்சைஸ் பண்ணீங்க?"

"எக்சர்சைஸ் ஒண்ணும் பண்ணலீங்க. மூட்டை தூக்குனேன்."

"அது வேலை."

"ஆமாங்க."

"வேலையில வர்ற வலிக்கு இது கெடையாது கோவிந்தராசு. படிக்கிறேன் கேளுங்க. 'உடற்பயிற்சியின் விளைவாக ஏற்படும் தசைவலிக்கு மட்டும்.' மட்டும்ங்கறதுக்கு அடியில கோடு வேற போட்டிருக்கான்."

"வலி ஒண்ணுதானங்க சார்?"

குணசேகரனுக்கு இந்த மாதிரிக் கேள்விகளில் பொறுமை அதிகம். "எப்படிங்க ஒண்ணாகும்? ஒரு சாமானை ஒரு எடத்துலேர்ந்து தூக்கி இன்னொரு எடத்துல வச்சா அது வேலை. தூக்கிட்டு, இருந்த எடத்துலயே திரும்ப வச்சா அது எக்சர்சைஸ். கும்பகோணத்துல ஜிம்மு ஒண்ணு இருக்கு, கண்ணாடி வழியா பாத்திருக்கேன். அவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்குறான், கடைசியில அங்கயேதான் வைக்கிறான்."

கோவிந்தராசு கொஞ்சம் யோசித்தார். "அப்ப அட்டியிலேர்ந்து மூட்டைய லாரி வரைக்கும் கொண்டுபோயி, திரும்பக் கொண்டாந்து அட்டியிலயே போட்டா?"

குணசேகரனும் யோசித்தார். சுற்றறிக்கையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "போட்டீங்கன்னா அது எக்சர்சைஸ்தான்" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது பூவம்மாள் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பத்து நாளு களை பறிச்சு எனக்கும்தான் இடுப்பு விட்டுப்போச்சு. பறிச்ச களையத் திரும்ப நட்டுட்டு வந்தா எனக்கும் ஒட்டுவாங்களா, கேட்டுட்டு வாங்க."

புதன்கிழமை காலை கோவிந்தராசு உடற்பயிற்சி செய்தார். அட்டியில் மேலாக இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, லாரி நிற்கும் இடம் வரை போய், திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். குணசேகரன் நாற்காலி போட்டு எண்ணினார். இருபது மூட்டை ஆனதும் போதும் என்றார். அவருக்கு எண்ணி எண்ணிக் கழுத்து மறுபடி வலித்தது.

அந்த மூட்டைகள் கூத்தாநல்லூர் ஜெகபர் அலியுடையவை. பதினாறு வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்து நான்கு ஏக்கர் சம்பா போட்டவர். பாதி நெல் மூட்டையாகி, மீதி சாக்குக்காகக் களத்தில் குவியலாகக் கிடந்தது.

"என்ன கோவிந்தராசு, என் நெல்லு எங்க போவுது?"

"எங்கயும் போவல பாய். எக்சர்சைஸ்."

ஜெகபர் அலி மூட்டை போய் வருவதை இரண்டு நடை பார்த்தார். "ஷார்ஜாவுல ஒரு மிஷினு வச்சிருப்பாங்க. மனுசன் அதுமேல ஏறி ஒரு மணி நேரம் ஓடுவான், நின்ன எடத்துலயே நிப்பான். நெல்லு அந்த மாதிரி ஓடி இப்பத்தான் பாக்குறேன்."

வலி முறையாக வந்துவிட்டது. இனி விண்ணப்பம். வாரியத்தின் கணினியில் இருப்பது ஒரே படிவம், நெல் வாங்குகிற படிவம். நாடாவுக்கென்று புதுப் படிவம் வரும்வரை அதையே பயன்படுத்தும்படி உத்தரவு. அந்தப் படிவம், எந்த நிலத்தில் யார் சாகுபடி என்று வி.ஏ.ஓ. எழுதித் தரும் அடங்கல் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஆகவே வலது தோளுக்கு ஓர் அடங்கல் வேண்டும் என்று குணசேகரன் எழுதிக் கொடுத்து, கோவிந்தராசுவை வி.ஏ.ஓ.விடம் அனுப்பினார்.

வி.ஏ.ஓ. ஆச்சரியப்படவில்லை. கொள்முதல் காலத்தில் அவர் ஒரு நாளைக்கு அறுபது அடங்கல் கொடுப்பவர். எதற்கு என்று பார்க்கிற கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டவர்.

"தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா?"

"தோளுங்களா? எனக்கு மட்டுந்தாங்க."

"எந்தப் பசலியிலேர்ந்து அனுபவம்?"

"இருவத்திரண்டு வருசமாத் தூக்குறேங்க."

"சாகுபடி?"

கோவிந்தராசு விழித்தார். "வலிதாங்க இருக்கு."

"வலி. எழுதியாச்சு. பாசனம்?"

"வீட்டுல நல்லெண்ண தடவி விடுவாங்க."

எண்ணெய்ப் பாசனம் என்று எழுதி, முத்திரை குத்தி, நான்கு எல்லைகளையும் குறித்துக் கொடுத்தார். வடக்கே கழுத்து, கிழக்கே மார்பு, தெற்கே முழங்கை, மேற்கே முதுகு. தோளில் வாய்க்கால் ஆக்கிரமிப்பு எதுவும் இல்லை என்று கூடுதலாக ஒரு வரியும் சான்றளித்தார். இதைச் செலவில்லாமல் செய்துகொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை அடங்கலோடு போனபோது கணினி அடுத்த பக்கத்தைத் திறந்தது. அங்கே ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் நகராது. பதினேழுக்கு மேல் போட்டால் சிவப்பாகும். ஈரம் என்று இருக்கிற இடத்தில் வலி என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று குணசேகரன் முடிவு செய்தார். அவர் நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரப்பதம் சொல்லக்கூடியவர். கோவிந்தராசுவைக் கடிக்கவில்லை. தோளில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். கோவிந்தராசு போட்ட சத்தத்தில் தராசின் மேல் இருந்த மைனா பறந்தது.

"பத்தொம்பது" என்றார் குணசேகரன்.

"எப்படிங்க சார் சொல்றீங்க?"

"இருவது வருச சர்வீஸு. பதினேழுக்கு மேல எடுக்க மாட்டாங்க கோவிந்தராசு. காய வச்சுக் கொண்டாங்க."

"எதைங்க?"

"வலியைத்தான். களத்துல நல்லா வெயில் அடிக்குது. ஒரு நாளு காயட்டும். மணிக்கு ஒருக்கா கெளறி விடணும், இல்லன்னா அடியில ஈரம் நின்னுடும்."

சனிக்கிழமை காலை பேருக்கு நான்கு மூட்டை தூக்கி இடத்தைக் காப்பாற்றிக்கொண்டு, கோவிந்தராசு களத்தில் ஜெகபர் அலியின் நெல்லுக்கும் இன்னொருவர் நெல்லுக்கும் நடுவே படுத்தார். நிலையத்தின் உதவியாளர் மணிக்கொரு முறை நெல் கிளறும் பலகையோடு வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவரைப் புரட்டிப் போட்டார். சுற்றிலும் விவசாயிகள் கூடிவிட்டார்கள். காய வைத்துக் கொண்டுவா என்ற வார்த்தையை வருடக்கணக்காகக் கேட்டவர்கள் அவர்கள். நிலையத்தைச் சேர்ந்த ஒரு ஆளே காய்வதைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு திருப்தி இருந்தது, அதை நான் தப்பாகச் சொல்லமாட்டேன். ஜெகபர் அலி மட்டும் தன் குடையைக் கொண்டுவந்து தலைமாட்டில் நட்டார். உலர்த்தலுக்கு இடையூறு என்று குணசேகரன் அதை எடுக்கச் சொன்னார்.

நான்கு மணிக்கு மறுபடி கட்டைவிரல். இந்த முறை கோவிந்தராசு பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். வலி அப்படியேதான் இருந்தது. கத்தினால் கிடைக்காது என்று மட்டும் விளங்கியிருந்தது.

"பதினாறு" என்று சொல்லி, குணசேகரன் டோக்கன் கொடுத்தார்.

திங்கட்கிழமை விழா. மண்டல மேலாளர் அனுராதா மேடம் வந்தார். வாசலில் ரிப்பனுக்குப் பதிலாக நீல நாடாவையே இழுத்துக் கட்டியிருந்தார்கள். மேடம் கத்தரித்ததும் இரண்டு முனையும் சுருண்டு ஓடி ஆளுக்கொரு பந்தக்காலில் ஒட்டிக்கொண்டன. எல்லாரும் கைதட்டினார்கள். மேடம் பேசினார்.

"நண்பர்களே! நம்ம வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நேத்து வரைக்கும், நம்மகிட்ட வேலை பாக்குற ஒருத்தருக்காவது வலி இருக்குன்னு ஒரு பதிவு உண்டா? கிடையாது. ஏன்? நாம கேட்டதே இல்ல. கேக்காமலே வலியில்லாத நிறுவனமா இருந்திருக்கோம். இன்னிக்குக் கேக்க ஆரம்பிச்சிருக்கோம். இது எவ்வளவு பெரிய முன்னேற்றம்! சாக்குக்கு வச்சிருந்த ஒதுக்கீட்டை நாடாவுக்கு மாத்திட்டாங்கன்னு சில பேர் குறை சொல்றாங்க. நான் கேக்குறேன், சாக்கு எதைத் தாங்கும்? நெல்லைத் தாங்கும். நாடா எதைத் தாங்கும்? மனுசனைத் தாங்கும். நெல்லு முக்கியமா, மனுசன் முக்கியமா? சுமை தூக்கும் தோழர்கள்தான் இந்த வாரியத்தோட முதுகெலும்பு. முதுகெலும்பை யாராவது வெளியில எடுத்துப் பாத்திருக்கீங்களா? இல்ல. அது பாட்டுக்கு உள்ள இருக்கும், வேலை செய்யும். அந்த மாதிரிதான் அவங்களும்."

முதுகெலும்புகள் பன்னிரண்டும் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்று கேட்டன.

நாடா ஒட்டுவதற்கு ரிஃப்கா வந்திருந்தாள். கூத்தாநல்லூர்ப் பெண், பிசியோதெரபி படித்தவள், இந்த இயக்கத்துக்காக மூன்று மாத ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். கோவிந்தராசுவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, தோளைக் கழுவித் துடைத்து, முடியைக் கத்தரித்து, நாடாவின் மூலைகளை வட்டமாக வெட்டி, பதமாக இழுத்து ஒட்டினாள். ஒட்டிய இடத்தை உள்ளங்கையால் தேய்த்துவிட்டபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அண்ணே, இதுல மருந்து ஒண்ணும் கெடையாது. ஓடியாடி விளையாடிட்டு மறுநாள் வலிக்கும் பாருங்க, அதுக்கு ஒட்டுனா கொஞ்சம் தாங்கலா இருக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு இது அது மாதிரித் தெரியல. பெரியாஸ்பத்திரியில டாக்டர்கிட்ட காட்டுங்க. கொஞ்ச நாளு பாரம் தூக்காதீங்க."

"தூக்கத்தானம்மா இத ஒட்டிக்கிறேன்" என்றார் கோவிந்தராசு.

அப்போதுதான் மேடம் ஒலிபெருக்கியில் விதி ஏழைப் படித்தார். நாடா ஒட்டிய நபர் மூன்று நாள் வேலை செய்யக் கூடாது, நிலையத்துக்குள் வரவும் கூடாது. வேலை செய்தால் உடற்பயிற்சி வலியோடு வேலை வலியும் கலந்துவிடும். கலப்பட வலியை வாரியம் ஏற்காது. மூன்று நாளுக்கு முன்னால் பிய்த்தால் அது வாரியச் சொத்துக்குச் சேதம்.

கோவிந்தராசு மனசில் செட்டுக் கணக்கைப் போட்டார். மூன்று நாள். அவர் துரைராசுவைப் பார்த்தார். துரைராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பந்தக்காலோரம், காத்திருப்பில் முதல் ஆள் நின்றிருந்தான். அவன் துரைராசுவின் சொந்த மச்சான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கோவிந்தராசு நிலையத்தின் கேட்டுக்கு வெளியே நின்றார். ஏதாவது ஒரு மூட்டையை வெளியே உருட்டிவிட்டால் தொட்டுவிடலாம் என்ற நினைப்பு. யாரும் உருட்டவில்லை. வீட்டில் பூவம்மாள் நாடாவைப் பிய்க்கப் போனாள். இவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாரியச் சொத்து. இருபத்திரண்டு வருடத்தில் வாரியம் அவர் உடம்புக்கென்று கொடுத்த முதல் சாமான் அதுதான், அதற்கும் அவர்தான் பொறுப்பு.

புதன்கிழமை சாயங்காலம் துரைராசு கேட்டுக்கு வெளியே வந்தார்.

"நாளையோட மூணு நாளு கோவிந்தராசு."

"தெரியும் மேஸ்திரி."

"மச்சான் மூட்டைக் கொக்கியெல்லாம் தீட்டி வச்சுட்டான். என் தங்கச்சி வேற போன் மேல போன். என்னால செட்டு வழக்கத்த மாத்த முடியாது. இன்னிக்கு உனக்கு மாத்துனா நாளைக்கு நானே நெனச்சபடி மாத்துவேன்."

"நான் உங்களக் குத்தம் சொல்லல."

துரைராசு பீடியைப் பற்றவைத்தார். "மழை பேஞ்சு செட்டு மொத்தமும் நின்னுச்சுன்னா, அந்த நாளு கணக்குல வராது, இல்லயா?"

கோவிந்தராசு வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மழைதான் பேயணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டுத் துரைராசு போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, உடற்பயிற்சி நேரத்தில், பதினோரு லோடுமேன்களும் களத்து மேட்டில் வரிசையாக நின்றார்கள். குணசேகரனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாத முடிவுக்குள் இருபது பயனாளிகள் காட்ட வேண்டும் என்று மேடம் இலக்கு கொடுத்திருந்தார். அதுவரை இருந்தது கோவிந்தராசுவும் குணசேகரனின் சொந்தக் கழுத்தும்தான். பதினோரு பேரும் ஆளுக்கு ஒரு மூட்டையைத் தூக்கி, அதே இடத்தில் வைத்தார்கள்.

"வலிக்குது சார்" என்றார் துரைராசு.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

அடங்கல் பின்னால் வாங்கிக்கொள்ளலாம், காய வைக்கவும் வேண்டாம் என்று குணசேகரன் தாராளமாகத் தளர்த்தினார். சதவீதக் கட்டத்தில் எல்லாருக்கும் பதினாறு என்று போட்டார். ரிஃப்கா அன்றைக்குக் கோவிந்தராசுவின் நாடாவைப் பார்க்க வந்திருந்தாள். அவளையே ஒட்டச் சொன்னார்.

ரிஃப்கா முட்டாள் இல்லை. என்ன நடக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேருக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒட்டிவிடலாம் என்று துரைராசுவின் வலது தோளில் இரண்டு விரலை வைத்தாள். லேசாகத்தான் வைத்தாள். துரைராசுவுக்கு மூச்சு நின்று வந்தது.

"நடிக்க வேணாம் அண்ணே, நான் ஒட்டித்தான் விடப்போறேன்."

துரைராசு நடிக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது.

அவள் அடுத்த ஆளின் தோளில், அதே இடத்தில் விரலை வைத்தாள். அவன் பின்னால் நகர்ந்துவிட்டான். அடுத்தவன் கண்ணை மூடிக்கொண்டான். அதற்கடுத்தவன் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டான். பதினோரு பேர், பதினோரு தோள். ஒருவன் கையைத் தோளுக்கு மேல் தூக்கியே ஆறு வருடம் ஆகிறதாம்; தலை சீவுவதே இடது கையால்தானாம். பொய் சொல்லலாம் என்று வந்தவர்கள் யாருக்கும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. ரிஃப்காவின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"எத்தன நாளா இருக்கு இது?" என்று கேட்டாள்.

"செட்டுல சேந்ததுலேர்ந்து" என்றார் துரைராசு. "யாருக்குத்தான் இல்ல?"

கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கோவிந்தராசு இதையெல்லாம் பார்த்தார். இத்தனை நாளும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார். அதற்காக வெட்கப்பட்டும் இருந்தார். அந்த இடத்தில் அவர் அழுதார், சத்தமில்லாமல்.

பதினோரு பேருக்கும் ஒட்டி முடித்து, பெயர்ப் பட்டியலைக் குணசேகரன் மேடத்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பியபோது எட்டரை மணி. நெல் குவியலோடு நாற்பது விவசாயிகள் காத்திருந்தார்கள். சாக்கும் அதிசயமாக அன்றைக்கு வந்திருந்தது. "ம், ஆரம்பிங்க" என்றார்.

"விதி ஏழு சார்" என்று சொல்லிவிட்டு, பதினோரு பேரும் ஒழுங்காகக் கேட்டைத் தாண்டிப் போய் கோவிந்தராசுவுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

குணசேகரன் போனில் மேடத்தைப் பிடித்தார். வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும் அளவுக்கு மேடம் பேசினார்.

"மூணு நாள் ஓய்வு கட்டாயம்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

"நான் சொன்னது ஒரு ஆளுக்கு. ஒரு ஆள் ஓய்வு எடுத்தா அது நலத்திட்டம். பன்னெண்டு பேர் எடுத்தா அதுக்குப் பேரு ஸ்ட்ரைக்கு."

"நாடாவப் பிச்சுரச் சொல்லவா மேடம்?"

"பிச்சா சொத்துச் சேதம். கையெழுத்து போட்டது நான்."

விவசாயிகளுக்குப் பாவம், இதில் எந்தப் பங்கும் இல்லை. ஜெகபர் அலி கேட்டுக்கு வந்தார். "கோவிந்தராசு, மூணு நாள்ல மேகம் திரண்டுச்சுன்னா என் நெல்லு களத்துலயே மொளைச்சுரும். உனக்காகப் பாக்குறேன். ஆனா எவ்வளவு நேரம்னு சொல்லு."

"எனக்குத் தெரியாது பாய்" என்றார் கோவிந்தராசு, உண்மையாகவே.

ஜெகபர் அலி லோடுமேன்களையும் பார்த்தார், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த குணசேகரனையும் பார்த்தார். பிறகு மற்ற விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு நேராகக் குடவாசல் சாலைக்குப் போய் நடுவில் உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரத்தில் இரண்டு பக்கமும் எட்டு பஸ். தாசில்தார் வந்தார், போலீஸ் வந்தது, எதற்கு மறியல் என்று கேட்டார்கள். தோளில் ஒட்டிய துணியால் நெல் கொள்முதல் நின்றுவிட்டது என்று ஜெகபர் அலி சொன்னதைத் தாசில்தார் மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

பதினொன்றே முக்காலுக்குத் திருத்தச் சுற்றறிக்கை வந்தது. விதி ஏழில் மூன்று நாள் என்பதை மூன்று மணி நேரம் என்று படிக்க வேண்டும். நார்த்தங்குளம் நிலையத்தைப் பொறுத்தவரை அந்த மூன்று மணி நேரம் ஏற்கெனவே முடிந்துவிட்டதாகக் கருதப்படும். கோவிந்தராசுவுக்கும் அது பொருந்தும் என்று குணசேகரன் வாசித்ததும், துரைராசு கேட்டைத் திறந்துவிட்டார். பன்னிரண்டு பேரும் உள்ளே போனார்கள். முதல் மூட்டையில் கோவிந்தராசு கைவைத்தார், தூக்கியது மற்றவர்கள். மச்சான் கொக்கியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஒரு மாதம் துரைராசுவின் தங்கை அவரோடு பேசவில்லை.

அன்றைக்கே துரைராசு சாக்குத் தைக்கும் ஊசியைக் கோவிந்தராசுவிடம் கொடுத்து, இந்தப் பருவம் முடிகிறவரை மூட்டைக்கு வாய் தைத்தால் போதும் என்றார். அவர் பங்கு மூட்டைகளை மற்ற பதினோரு பேரும், வலிக்கிற தோள்களிலேயே பிரித்துத் தூக்கினார்கள். ஜெகபர் அலியின் நெல் சாயங்காலத்துக்குள் ஏறிவிட்டது.

ரிஃப்கா உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். பன்னிரண்டு பேருக்கும் வலியின் காரணம் என்ற இடத்தில் மூட்டை தூக்கும் வேலை என்று தட்டினாள். கணினி ஏற்கவில்லை. அதில் இருந்தது ஒரே காரணம், உடற்பயிற்சி. அவள் கையாலேயே தாளில் எழுதி, பன்னிரண்டு பேரையும் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். குணசேகரன் அதை வாங்கிப் பத்திரமாக வைத்தார். கணினியில் அவரே உடற்பயிற்சி என்று தேர்ந்தெடுத்து அனுப்பினார். ரிஃப்காவின் ஒப்பந்தம் மூன்று மாதம் முடிந்ததும் முடிந்தது.

பங்குனியில் வாரியம் கணக்கெடுத்தது. மாநிலத்திலேயே மிக அதிகமாக உடற்பயிற்சி செய்கிறவர்கள் நார்த்தங்குளம் நிலையத்து லோடுமேன்கள்தான் என்று தெரியவந்தது. மூன்றே மணி நேரத்தில் நூற்றுக்கு நூறு தசை மீட்பு கண்ட நிலையமும் அதுவே. மண்டல மேலாளருக்குப் பாராட்டுப் பத்திரம். நிலையத்துக்குத் தேக்கில் கடைந்து பித்தளை பதித்த கேடயம், ஆளுயரத்தில் முக்கால். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குணசேகரனின் முன்னால் அதைக் கொண்டுவந்து வைக்க ஆள் தேவைப்பட்டது. செட்டு முழுக்க லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தது, சும்மா இருந்தது சாக்குத் தைக்கிற ஆள் ஒருவர்தான்.

கோவிந்தராசு ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு எழுந்து போய், வாரியத்தின் வண்டியிலிருந்து கேடயத்தை இறக்கினார். இடது தோளில்.